பட்டு மாடியில் ஜீவாவின் முகம்

முகப்பரு என்றதும் சிரிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. "வயசுப் பொண்ணுன்னா பரு வரத்தான் செய்யும், இதுக்குப் போய் அழுவாங்களா" என்று கேட்கிறவர்கள் ஒரே ஒரு நாள் எங்கள் கடையின் மூன்றாவது மாடியில், அந்த ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நிற்கட்டும். அப்புறம் பேசட்டும்.

என் பெயர் சித்ரா. ஓமலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி சேலத்துக்கு வந்து, ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவுக்கு மூத்தவளாக நிற்கிறேன். கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் அங்கேதான் சோறு. சொல்ல வந்தது என் கதையும் அல்ல. என் பிரிவில் வேலை பார்க்கும் ஜீவாவின் கதை.

ஜீவாவுக்கு எடப்பாடிப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் விசைத்தறி ஓடுகிறது. அப்பா இறந்த பிறகு அம்மா ராசாத்திதான் தறியைப் பார்த்துக்கொள்கிறாள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்ததால் ஜீவாவுக்குக் குரல் கொஞ்சம் உரக்கத்தான் வரும். வேலைக்கு வந்த புதிதில் அவள் "வாங்கம்மிணி, என்னங்க பாக்கறீங்க" என்று கூப்பிட்டால் இரண்டாவது மாடியில் வேட்டி எடுப்பவர் திரும்பிப் பார்ப்பார். நாங்கள் கேலி செய்வோம். அவளும் சேர்ந்துகொண்டு வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

அவள் இந்த வேலைக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ராசாத்தியின் தம்பி மகன் மாதையன், ஜீவாவுக்கு முறை மாப்பிள்ளை. முதலில் கட்டிய பெண்டாட்டி அடி பொறுக்க முடியாமல் ஓடிப்போய்விட்டாள். சாயங்காலம் ஆனால் அவனுக்குக் கால் தரையில் நிற்காது. ஆனாலும் ராசாத்திக்குப் பிறந்த வீட்டுப் பாசம். "எந்தம்பி ஊட்டுக்குக் குடுக்காம வேற யாரு ஊட்டுக்குக் குடுப்பேன்" என்று ஒற்றைக் காலில் நின்றிருக்கிறாள். ஜீவா சாப்பிடாமல் கிடந்து, சண்டை போட்டு, கடைசியில் தாயும் மகளும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். "நீ சேலத்துக் கடையில நிக்கற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். வேலை போச்சுன்னா மறு பேச்சு பேசாம கழுத்த நீட்டோணும்." ஜீவா சரி என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தான். எங்களுக்கெல்லாம் அது மாசச் சம்பளம். அவளுக்கு மாதையனிடமிருந்து தப்பிக்க இருந்த ஒரே வழி.

இந்த இடத்தில் எங்கள் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பட்டுச் சேலையை நாங்கள் விரித்துக் காட்டுவதோடு விடுவதில்லை. கொசுவம் பிடித்து, முந்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நிற்க வேண்டும். 'மேலே போட்டுக் காட்டுவது' என்று பெயர். கல்யாணப் பெண், அவள் அம்மா, அத்தை, சித்தி என்று எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்ப்பார்கள். சேலையைப் பார்ப்பதாகத்தான் அவர்கள் நினைப்பு. உண்மையில் கண் முதலில் போவது முகத்துக்குத்தான்.

அதனால்தான் முகத்துக்கு இத்தனை சட்டம். காலையில் கடை திறப்பதற்கு முன்பு உடைமாற்றும் அறையில் எல்லோரும் பூச்சுப் பூசியாக வேண்டும். கடையே வாங்கி வைத்த பெரிய டப்பா ஒன்று. மாடி முழுவதற்கும் சேர்த்து இரண்டு ஸ்பாஞ்ச். ஒருத்தி முகத்தைத் துடைத்து எடுத்ததை அடுத்தவள் வாங்கித் தன் முகத்தில் தேய்ப்பாள். யாராவது அதைத் துவைத்ததை நான் பார்த்ததில்லை. தலையில் ஒரு முடி பறக்கக் கூடாது என்பதால் தேங்காய் எண்ணெயை வழிய வழிய வைத்துப் படிய வாரி, மேலே மல்லிகை. மதியத்துக்குள் அந்த எண்ணெய் நெற்றிக்கு இறங்கிவிடும். பட்டுச் சேலை மேல் முடி ஒட்டியிருந்தால் மேனேஜர் குமாரசாமி சாமியாடிவிடுவார். அவர் திருச்செங்கோட்டுக்காரர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். விற்பனை குறைந்தால் முதலாளியிடம் அவர் வாங்கிக் கட்டிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் அந்த மனுஷனுக்குக் காதே கிடையாது.

முகம் கெட்டால் குடோன். அடித்தளத்தில் பார்சல் பிரிக்கிற வேலை. கடை நடத்துகிற ஹாஸ்டலில் இடம், மாடியில் நிற்கிற பெண்களுக்கு மட்டும்தான்; குடோனுக்குப் போனவள் தங்குவதற்கு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். கடை அடைக்கிற நேரத்துக்கு எடப்பாடிக் கிராமத்துக்கு ஏது பஸ்? ஆகவே வெளியூர்ப் பெண்களுக்குக் குடோன் என்றால் மூட்டை கட்டு என்று அர்த்தம்.

ஜீவா தைப் பொங்கலுக்குப் பிறகு வந்தாள். அப்போது முகம் துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி இருந்தது. சித்திரை வெயிலில் நெற்றியில், முடி தொடங்குகிற இடத்தில் பொடிப்பொடியாக ஆரம்பித்தது. அப்புறம் தாடை, அப்புறம் இரண்டு கன்னம். ஹாஸ்டலில் தண்ணீர் லாரி வந்தால்தான் தண்ணீர். நாள் முழுக்க நின்ற காலோடு போய் விழுகிற பெண்கள், பூசிய பூச்சோடேயே தூங்கிவிடுவார்கள். தலையணை உறையில் பூச்சு அப்பியிருக்கும், அதன் மேலேயே மறுநாளும் கன்னம். கொடியில் தொங்குகிற துண்டு யார் கைக்கு எட்டுகிறதோ அவளுடையது.

பரு வந்ததும் அதை மறைக்கக் கூடுதலாகப் பூசினாள். கூடுதலாகப் பூசியதும் கூடுதலாக வந்தது. அதை மறைக்க இன்னும் ஒரு கோட்டிங். இதில் நகம் வேறு. ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கண்ணாடிக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு கிள்ளுவாள். கிள்ளிய இடம் மறுநாள் புளியங்கொட்டை அளவுக்கு வீங்கி நிற்கும். "கைய வெச்சுட்டுச் சும்மா இரு புள்ள" என்று நான் எத்தனையோ தடவை அதட்டினேன். ஒரு நிமிஷம் கையை இறக்குவாள், அந்தப் பக்கம் போய்க் கிள்ளுவாள்.

வைத்தியம் சொல்ல மட்டும் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளி என்று அம்மா போனில் சொன்னாள். முட்டை, நிலக்கடலை, கோழி எதையும் தொடாதே என்று ஹாஸ்டல் சமையல்காரம்மா தட்டில் வைத்த முட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு முட்டை மிச்சம். பற்பசை வை என்றாள் ஒருத்தி. எலுமிச்சம்பழத்தை அறுத்து அப்படியே தேய் என்றாள் இன்னொருத்தி. இவளும் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் செய்தாள். அழுக்கால்தான் பரு வருகிறது என்று யாரோ சொல்ல, துணி சோப்பைப் போட்டு நாரால் தேய்க்க ஆரம்பித்தாள். கன்னம் வெண்டைக்காய்த் தோல் போலச் சொரசொரவென்று ஆனது. தறியில் கறை பட்ட துணியைக் கூட யாரும் அப்படித் தேய்க்க மாட்டார்கள்.

பிறகுதான் அந்த டியூப் வந்தது. கொண்டுவந்தவள் பிரபா, எங்கள் பிரிவிலேயே நன்றாக விற்கிறவள். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கொடுப்பார்கள், கலர் க்ரீம் என்று கேட்டால் போதும். "ராத்திரி பூசிட்டுப் படு, காலைல பாரு" என்றாள். சும்மா சொல்லக்கூடாது, ஒரே வாரத்தில் முகம் பளபளத்தது. பரு அமுங்கிவிட்டது, நிறமே ஒரு படி ஏறிவிட்டது. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் குமாரசாமி எல்லோர் முன்னாலும், "ஜீவாவப் பாருங்க, அப்படி இருக்கோணும்" என்றார். அவள் எடப்பாடிக்குப் போன் போட்டு அம்மாவிடம் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

ஆடி முடிவதற்குள் டியூப் தன் வேலையைக் காட்டியது. பூசாத நாளில் முகம் மிளகாய் அரைத்துத் தடவியது போல எரியும். பூசினால் அடங்கும். பின்பக்கச் சந்தில் டீ குடிக்கப் போனால் வெயில் பட்டதும் கண்ணீர் கொட்டும். கன்னத்தில் சிவப்புச் சிவப்பாக நரம்பு தெரிந்தது, மோவாயில் பூனைமுடி முளைத்தது. பழைய பரு இருந்த இடத்தில் இப்போது கொத்துக் கொத்தாகச் சீழ் கோத்த பரு. நான் அந்த டியூபைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். மறுநாள் புதிதாக ஒன்று வாங்கிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"ஏண்டி, நீயே உம் மூஞ்சிக்குக் கொள்ளி வெச்சுக்கறயா?"

"நிறுத்துனா எரியுதுங்கக்கா. எரிஞ்சா செவக்குது. செவந்தா மேல நிக்க உடமாட்டாங்க. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

பதில் இல்லாத கோபம் இருக்கிறதே, அதைவிடக் கேவலமானது எதுவும் கிடையாது.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின வாரம், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஜீவா ரோஜா நிறப் பட்டை மேலே போட்டுக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, வேற பொண்ண வெச்சுக் காட்டச் சொல்லு. எங்க மருமவ கட்டப் போற சேலை. இந்தப் பொண்ணு மேலேருந்து ஏதாச்சும் ஒட்டிக்கப் போவுது." மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. ஜீவா முந்தியைத் தோளிலிருந்து எடுத்து, மடித்து, என் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். எனக்கு அந்த அம்மாளின் கொண்டையைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, பிரபாவைக் கூப்பிட்டு அதே சேலையைக் காட்டச் சொன்னேன்.

குமாரசாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "மாசக் கடைசி முகூர்த்தம் வரைக்கும் பாக்கறேன் சித்ரா. அதுக்குள்ள மூஞ்சி தெளியலீன்னா கீழ அனுப்பிருங்க" என்றார்.

ஜீவா கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டு இருந்தாள். நான் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் உள்ளிருந்து குரல் வந்தது. அந்த உரத்த குரலா இது என்று இருந்தது.

"அக்கா, இந்த மூஞ்சிய அப்படியே பிச்சு எறிஞ்சிரலாமான்னு இருக்குதுங்க. மாதையன் ஊட்டுக்குப் போறதுக்கு நான் செத்தே போயிருவேனுங்க."

"கதவத் தொற சாமி. மொதல்ல கதவத் தொற" என்றேன். அவள் வெளியே வந்ததும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பூச்செல்லாம் என் தோளில் ஒட்டியது.

அந்த வாரத்து லீவு நாளில் அவளை இழுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன், தோல் பிரிவுக்கு. டாக்டரம்மா சின்ன வயசுதான். ஜீவாவின் கன்னத்தைப் பார்த்த உடனேயே, "டியூப எடு" என்றார். இவள் திருதிருவென்று விழித்தாள். "உன்ன மாதிரி தெனமும் வர்றாங்கம்மா. கைல வெச்சிருப்ப, எடு."

டியூபை வாங்கி மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டு, அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். தலைக்கு என்ன வைக்கிறாய், முகத்தில் என்ன பூசுகிறாய், யார் துண்டால் துடைக்கிறாய், எப்போது தூங்குகிறாய், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா. ஜீவா சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. 

"அழுக்காலயும் வரல, முட்டையாலயும் வரல. தோலுக்குள்ள எண்ணெய் சுரக்கற துவாரம் இருக்குல்ல, நீங்க எல்லாருமாச் சேர்ந்து அதை அடைச்சு வெச்சிருக்கீங்க. தலை எண்ணெய் வழிஞ்சு பாதி, அந்தப் பூச்சு பாதி. ராத்திரியும் கழுவறதில்ல. அடைச்ச இடத்துல கிருமி சேருது, வீங்குது. அத நீ கிள்ளி உள்ளயே தள்ளி விடற. போதாக்குறைக்கு சோப்பப் போட்டுத் தேய்ச்சுத் தோலை உரிச்சாச்சு."

"அப்ப இந்த டியூபுங்க?"

"அது இதுக்கெல்லாம் மேல ஒரு கேடு. ஸ்டீராய்டு. தோலை மெலிசாக்கிருச்சு. இன்னையோட நிறுத்தற. எரியும், செவக்கும், பரு இப்ப இருக்கறதவிட அதிகமாகும். எரிச்சலுக்கு வேற மருந்து தர்றேன். பயந்துக்கிட்டுத் திரும்ப அதத் தொட்டா நீ மீளவே முடியாது."

காலையும் இரவும் மட்டும் சாதாரண சோப்பில் கழுவு, துண்டால் ஒற்றி எடு, தேய்க்காதே என்றார். துண்டு உன்னுடையதாக இருக்கட்டும், தலையணை உறையைத் துவைத்துப் போடு. எண்ணெய் வைத்தால் நெற்றிக்கு இறங்காமல் வை. இனிப்பு டீயும் பன்னுமாகவே பொழுதை ஓட்டாதே, தூக்கத்தைக் கெடுக்காதே. முகத்தில் பூச்சு மட்டும் கூடவே கூடாது. ஜீவா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எத்தன நாள்லங்க சரியாவும்?"

"மூணு மாசம் ஆகும். பொறுமையா இருந்தா."

ஜீவா என்னைப் பார்த்தாள். எங்களிடம் இருந்தது மூன்று வாரம்கூட இல்லை.

நான் குமாரசாமியிடம் போய்க் கெஞ்சினேன். பொதுவாக நான் யாரிடமும் கெஞ்சுகிற ஜாதி இல்லை. மூன்று மாதத்துக்கு அவளை பில் போடுகிற இடத்தில் உட்கார வையுங்கள் என்றேன், அங்கே ஆள் இருக்கிறது என்றார். மாஸ்க் போட்டுக்கொண்டு நிற்கட்டும் என்றேன், வருகிறவர்கள் ஏதோ நோய் என்று நினைப்பார்கள் என்றார். பூச்சு இல்லாமல் நிற்கட்டும் என்றேன். "ஏனுங்க சித்ரா, கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வர்றவங்க கண்ணுக்கு லட்சணமா ஒண்ணு பாக்கோணுமில்லீங்க?" என்றார். அந்த டப்பாவையும் ஸ்பாஞ்சையும் எடுத்து அவர் முகத்தில் அப்பினால் தெரியும் என்று முனகிக்கொண்டே வந்தேன். காதில் விழுந்திருக்கும், விழட்டும்.

ஜீவா டியூபை நிறுத்தினாள். டாக்டரம்மா சொன்னது ஒன்றுகூடப் பொய்யாகவில்லை. மூன்றாம் நாளே முகம் வீங்கிச் சிவந்தது. இரவில் ஈரத் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருப்பாள் என்று ஹாஸ்டல் பெண்கள் சொன்னார்கள். அப்போதும் காலையில் பூச்சு பூசித்தான் மாடிக்கு வந்தாள், வேறு வழியில்லை. சொந்தமாக ஒரு ஸ்பாஞ்ச் வாங்கிக்கொண்டாள், இரவில் எப்படியாவது ஒரு சொம்பு தண்ணீர் பிடித்து வைத்துக் கழுவினாள். ஆனால் ரணமான தோல் மேல் பூசினால் நிற்குமா? மதியத்துக்குள் பாளம் பாளமாக வெடித்து நின்றது. பிரபா ஒருநாள், "அந்த டியூபயே திரும்பப் போடு, முகூர்த்தம் முடியட்டும்" என்று பையிலிருந்து எடுத்து நீட்டினாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஜீவா அதை வாங்கி, மூடியைத் திறந்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

மாசக் கடைசி முகூர்த்தத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை, ஜீவா வெறும் முகத்தோடு மாடிக்கு வந்தாள். பூசவே முடியவில்லை, தொட்டாலே ரத்தம் கசிகிறது என்றாள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்ததும் மற்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நெற்றி, கன்னம், மோவாய் எங்கும் சிவப்பு, நடுநடுவே மஞ்சள் முனைகள்.

குமாரசாமி வந்து பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "இன்னிக்குக் கூட்டம் இருக்குது, ஆளில்ல. பின்னால நின்னு சேலைய மடிச்சு வெய்யி. கண்ணாடிப் பக்கம் வராத. சாயங்காலம் ஹாஸ்டல்ல இருக்கற சாமானெல்லாம் எடுத்து வெச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜீவா அம்மாவுக்குப் போன் செய்தாள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ராசாத்தியின் குரல் எனக்கே கேட்டது. "போனாப் போவுது உடு கண்ணு. ஞாயித்துக்கெழம உங்க மாமன் ஊட்ல பொண்ணு கேட்டு வரச் சொல்லிர்றேன். நீ நாளைக்கு வந்துரு." ஜீவா போனை வைத்துவிட்டு, மடிக்க வேண்டிய சேலைக் குவியலுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். மடித்தாள், அடுக்கினாள், மடித்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மதியம் ராசிபுரத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. பெண், அவள் அம்மா, அத்தை. முகூர்த்தப் பட்டு எடுக்க வேண்டும். பெண் ஏதோ பள்ளிக்கூடத்தில் டீச்சராம். பவுடர்கூடப் போடாமல் வந்திருந்தாள். கன்னத்திலும் மோவாயிலும் பரு, வடு. அதைப் பற்றி அம்மாவும் அத்தையும் வழியெல்லாம் பேசியிருப்பார்கள் போல, அவள் துப்பட்டாவை மோவாய் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பிரபா மேலே போட்டுக் காட்டினாள். ரோஜா, மயில்கழுத்து, இளம் பச்சை, மாம்பழ மஞ்சள். ஒவ்வொன்றுக்கும் அம்மாவும் அத்தையும் ஆகா என்றார்கள். அந்தப் பெண் மட்டும் உதட்டைப் பிதுக்கினாள். "ரோஜாவே எடுத்துரலாம், மகாலட்சுமியாட்ட இருக்குது" என்று அத்தை முடிவே கட்டிவிட்டார். அப்போதுதான் அந்தப் பெண் எழுந்து, பின்னால் சேலை மடித்துக்கொண்டிருந்த ஜீவாவைக் காட்டினாள்.

"அந்த அக்காவ வந்து போட்டுக் காட்டச் சொல்றீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் குமாரசாமி எங்கிருந்தோ வந்துவிட்டார். "அம்மிணி, அந்தப் பொண்ணு மடிக்கற வேலைக்குங்க. வேற பொண்ணக் காட்டச் சொல்றேனுங்க" என்றார்.

"இல்லீங்க சார். இவங்க மேல போட்டா எல்லாமே நல்லாத்தான் இருக்குது. கட்டப் போறது நானுங்களே. எம் மூஞ்சிக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியோணும்." சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் துப்பட்டாவைக் கீழே இறக்கிவிட்டாள்.

அத்தை, "என்ன கண்ணு இது" என்று இழுத்தார். பெண்ணின் அம்மா மகளைப் பார்த்தார், ஜீவாவைப் பார்த்தார், நாற்காலியில் சாய்ந்துகொண்டார். குமாரசாமி விற்பனை மேஜை மேல் கையை ஊன்றியபடி நின்றார், தடுக்கவில்லை.

"எந்திரிச்சு வா சாமி" என்றேன்.

ஜீவா எழுந்து வந்தாள். ரோஜாப் பட்டை எடுத்துத் தோளில் போட்டதும், கண்ணாடியில் அவள் முகத்துச் சிவப்பு பற்றி எரிந்தது. "பாத்தீங்களாம்மா, இதத்தான் சொன்னேன்" என்றாள் அந்தப் பெண். பச்சை இன்னும் மோசம். பிறகு ஜீவாவே மேல் தட்டில் கையை விட்டு, யாரும் கேட்காத ஓர் அரக்குச் சேலையை உருவினாள். சன்னமான பழங்காலக் கரை. அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்ததும் கன்னத்துச் சிவப்பு கண்ணை உறுத்துவது நின்றுபோனது. பரு இருந்தது, முகத்திலேயேதான் இருந்தது, ஆனால் சேலையும் முகமும் ஒன்றோடொன்று சண்டை போடவில்லை. அந்தப் பெண் ஜீவாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, முந்தியின் மறுபாதியைத் தன் தோளில் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இதுதான்" என்றாள்.

இரண்டு பேரும் கண்ணாடிக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க என்ன போடறீங்கக்கா மூஞ்சிக்கு? கல்யாணத்துக்குள்ள சரி பண்றதுக்கு ஏதோ டியூப் இருக்குதாமே" என்று அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அத மட்டும் தொட்டுராதீங்கம்மிணி. எம் மூஞ்சி இப்படி ஆனதே அதுலதான்" என்றாள் ஜீவா. பிறகு, டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னாள். கிள்ளாதீர்கள், தேய்க்காதீர்கள், பூசினால் தூங்குவதற்கு முன் கழுவிவிடுங்கள், நலங்கு வைக்கிறவர்கள் கன்னத்தை விட்டுவிட்டுக் கையில் வைக்கட்டும், முதலில் ஒரு தோல் டாக்டரைப் பாருங்கள். பேசப் பேச அவளுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. இரண்டாவது மாடியில் கேட்டிருக்கும். அத்தை மூக்கில் விரல் வைத்துக்கொண்டு கேட்டார். போகும்போது, தன் மகளுக்குத் தையில் கல்யாணம், இந்தப் பெண்ணிடமே வருகிறோம் என்று குமாரசாமியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஆனது. ஜீவா பையைக் கட்டி வைத்துவிட்டு மேனேஜர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். நானும் பின்னால் போனேன், இன்றைக்கு ஒன்று அவர் அல்லது நான் என்ற முடிவோடு. குமாரசாமி பில் கட்டைப் பார்த்துக்கொண்டே தலை நிமிராமல் பேசினார்.

"நாளைக்கு நேரத்துல வந்துரு. முகூர்த்தக் கூட்டம்."

ஜீவாவுக்குப் புரியவில்லை. "மேலயாங்க சார்?"

"பின்ன எங்க?"

"என்னால பூச்சு போட முடியாதுங்க சார். டாக்டரு சொல்லியிருக்காங்க."

"நான் உன்னக் கேட்டனா?" என்றார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த பில்லைப் புரட்டினார். நல்ல வார்த்தை ஒன்று சொன்னால் அந்த மனுஷனுக்கு நாக்கு தேய்ந்துவிடும்.

மாடிப்படியில் ஜீவா உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள், உடம்பு குலுங்கக் குலுங்க. கண்ணீரின் உப்பு பட்டு முகம் எரிய, "எரியுதுங்கக்கா, எரியுதுங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். நான் என் துண்டைக் கொடுக்கப் போய், சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். அவள் பையிலிருந்து தன் துண்டை எடுத்து ஒற்றிக்கொண்டாள். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"பையக் கட்டிட்டியா கண்ணு? எந்த பஸ்ஸுல வார?" என்றாள் ராசாத்தி.

"நான் வரலம்மா" என்றாள் ஜீவா. "மூஞ்சி அப்படியேதான் இருக்குது, இன்னும் ஆறல. ஆனா எனக்கு வேலை இருக்குது. ஞாயித்துக்கெழம அவங்கள வரவேண்டாம்னு சொல்லிரு."